முயலைக் கண்டால் காது கேட்காது!

சங்கிலியை அவிழ்க்கும் முன் யோசியுங்கள். வேட்டை நாய் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

ஆய்க்குடி,-

விடிந்தும் விடியாத நேரம். மேற்கே குற்றாலம் மலை மீது மேகம் கவிந்து கிடக்கிறது. சாரல் காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது.

தென்காசியில் இருந்து சுரண்டை போகும் வழியில் இருக்கிறது ஆய்க்குடி. பாலசுப்பிரமணிய சுவாமி கோவிலும் படிப்பாயசமும் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்த ஊர். ஊரைத் தாண்டினால் அனுமன் நதி. சுற்றிலும் வயல், தோப்பு, குளம்.

அந்த வயல் வரப்பில் ஒருவர் நாயோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாயின் பெயர் மணி. சிப்பிப்பாறை ஜாதி. ஒன்றேகால் வயது. ஒட்டிய வயிறு, நீள மூக்கு, சாட்டை மாதிரி வால்.

"பாவம், ராத்திரி பூரா கட்டிக் கிடக்கு. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று கொக்கியை அவிழ்த்து விடுகிறார்.

மணி நல்ல பிள்ளை. வீட்டில் "மணி" என்று மெதுவாகச் சொன்னாலே போதும். வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் உட்காரும். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும்.

திடீரென்று வரப்போரத்தில் புல் அசைகிறது. ஒரு முயல்!

மணி நிற்கிறது. காது விறைக்கிறது. அடுத்த நொடி ஒரே பாய்ச்சல்!

"ஏலே மணி! வாலே! இங்க வா... வாலே...!"

தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முயல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓடி உடைமரப் புதரில் மறைந்துவிட்டது. ஆனால் மணியின் ஓட்டம் நிற்கவில்லை.

அது போன திசையில், அறுவடை முடிந்த வயலில் ஒரு ஆட்டுக் கிடை!

இது நடந்த சம்பவம் அல்ல. ஆனால் வேட்டை ஜாதி நாயை வெட்டவெளியில் அவிழ்த்து விடுகிற எவருக்கும், எந்த நாளிலும் நடக்கக் கூடியது. அப்புறம் என்ன ஆகும்? அதைத் தடுக்க என்ன வழி? விவரம் வருமாறு:-

கண்ணால் வேட்டை

தென் மாவட்டங்கள் நாய்க்குப் பேர் போனவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கு ஜாதிகள். இதில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். கோம்பை தேனி மாவட்டத்து ஊர்.

2005-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி தபால் துறை வெளியிட்ட நாய் தபால் தலைகளில் ராஜபாளையமும் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டு மாதம் பிரதமர் மோடி தன் வானொலி உரையில் இந்த நான்கு ஜாதிகளின் பெயரையும் சொன்னார். அதன் பிறகு இவற்றின் மீது ஊருக்கு ஊர் ஆசை கூடிவிட்டது. 2018-ல் வந்த "பரியேறும் பெருமாள்" படத்தில் வந்த கருப்பியும் வேட்டை நாய்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாய் வாங்கியவர்களும் உண்டு.

ஆசை சரி. ஆனால் இந்த நாய்களை நம் முன்னோர் எதற்காக வளர்த்தார்கள் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பிடிக்க வளர்த்த நாய்கள். மோப்பம் பிடித்துப் பின்னால் போகிற நாய் வேறு. கண்ணால் பார்த்து, ஓடித் துரத்திப் பிடிக்கிற நாய் வேறு. இவை இரண்டாவது வகை. நன்றாக ஓடுகிற நாயையும் நன்றாக ஓடுகிற நாயையும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுத்தார்கள். ஓடாத நாயை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

மனிதனின் பார்வை ஏறக்குறைய 180 டிகிரி அகலம் என்றால், நாயின் பார்வை சுமார் 240 டிகிரி. நீள மூக்கு நாய்களுக்குக் கண்ணுக்குள் பார்வை உயிரணுக்கள் கோடு போட்ட மாதிரி குறுக்கே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தூரத்தில் அடிவானத்தை ஒட்டி ஏதாவது அசைந்தால் இவற்றின் கண்ணில் பட்டுவிடும். நின்று கொண்டிருக்கும் முயலைக் கவனிக்காமல் போனாலும் போகலாம். ஓடுகிற முயலை விடவே விடாது.

ஏன் கேட்கவில்லை?

"திமிர் பிடிச்ச நாய், சொல் பேச்சு கேக்கல" என்பார் எஜமானர். திமிர் அல்ல.

அமெரிக்காவைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர் என்ற உயிரியல் அறிஞர் நாயின் வேட்டையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் கவனிக்கும். பிறகு முறைத்துப் பார்க்கும். பதுங்கிப் போகும். துரத்தும். கவ்வும். கடித்துக் கொல்லும். கடைசியில் கிழித்துத் தின்னும்.

எந்தப் படி ஓங்கி நிற்கும் என்பது ஜாதிக்கு ஜாதி மாறும். வெளிநாட்டில் ஆடு மேய்க்கிற நாய்க்கு முறைப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் உண்டு. கடித்துக் கொல்லும் படியைக் குறைத்து வளர்த்திருக்கிறார்கள். சிப்பிப்பாறைக்கு ஓங்கி நிற்பது துரத்தல்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாய்க்குத் துரத்துவதே இன்பம். முயல் அகப்பட வேண்டும் என்பதில்லை. பசி எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வயிறு முட்டச் சோறு போட்டாலும் ஓடும். ஒரு தடவை துரத்திய நாய்க்கு அந்த ருசி ஒட்டிக்கொள்கிறது. பத்துத் தடவை துரத்திய நாய், எஜமானரை வெறும் வாசல் காவல்காரராகத்தான் நினைக்கும்!

ஓட்டம் பிடித்துவிட்ட நாயின் கவனம் முழுவதும் எதிரே ஓடுகிற பொருளில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கூப்பிடுவது, ஓடுகிற ரெயிலைப் பார்த்துக் கை தட்டுவது மாதிரி.

ஆகவே கூப்பிட வேண்டிய நேரம், நாய் ஓடிய பிறகு அல்ல. ஓடுவதற்கு முந்தின நொடி!

கிடையில் புகுந்தால்...

மணியின் கதைக்கு வருவோம்.

அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆட்டுச் சாணம் வயலுக்கு உரம். அதே தாளடி வயலில் வாத்து மேய்க்கிறவர்களும் வருவார்கள். ஆடு, வாத்து எல்லாம் மிரண்டால் ஓடும். ஓடினால் நாய் துரத்தும். துரத்தினால் அவை இன்னும் ஓடும்.

மணிக்கு முயல் வேறு, ஆட்டுக்குட்டி வேறு என்று அந்த நேரத்தில் தெரியாது. ஓடுகிற எதுவும் ஒன்றுதான். நாய் தொடாமலே விட்டாலும், மிரண்டு நெருக்கியடித்ததில் குட்டி மிதிபட்டுச் சாகும். சினை ஆட்டுக்குக் கரு கலையும்.

கிடைக்காரருக்கு ஆடுதான் சொத்து. மகள் கல்யாணம், பையன் படிப்பு, ஆஸ்பத்திரி செலவு எல்லாம் அதில்தான். கண் முன்னால் குட்டியின் கழுத்தைக் கவ்வுகிற நாயைப் பார்த்து அவர் கம்பை எடுத்தால், கோபத்தில் அடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

காலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்பிய மணி, மத்தியானம் கட்டிலுக்கு அடியில் இருக்குமா, குழிக்குள் இருக்குமா? எல்லாம் ஒரு கொக்கியில் இருக்கிறது.

பக்கத்து வயல்காரரும் கிடைக்காரரும் பத்து வருஷமாகப் பேசிப் பழகியவர்களாக இருப்பார்கள். அன்றோடு அந்த உறவும் முறியும். போலீஸ் நிலையம், பஞ்சாயத்து, நஷ்ட ஈடு என்று அலைச்சல் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

"நாய்தானே ஓடிச்சு, நானா ஓடுனேன்?" என்று கேட்டால் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. அதன் 291-வது பிரிவு, தன் வசம் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கானது. 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய் ஆட்டைத் துரத்தி, தடுக்க வந்த ஆளைக் கடித்தால் இந்தப் பிரிவு பாயும்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 1972-ல் வந்த இந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். முயல் தப்பித்துப் போனாலும், நாயை ஏவியவர் தப்பிக்க முடியாது.

வயல்காட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறதே மயில், அது 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உடும்பும் அப்படித்தான். முதல் அட்டவணைப் பிராணியை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில். 2022-ல் செய்து 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

முன்பு சில ஊர்களில் திருவிழாவை ஒட்டி நாயோடு முயல் வேட்டைக்குப் போவது வழக்கம். இப்போது வனத்துறையினர் அந்த நாட்களில் காவல் போட்டுத் தடுக்கிறார்கள். வேட்டை போய்விட்டது, வேட்டை நாய் மட்டும் மிச்சம் இருக்கிறது. வேலை இழந்த வேட்டைக்காரன் மாதிரி, அது நம் வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கிறது.

கட்டியே போடலாமா?

"அப்படின்னா இருபத்து நாலு மணி நேரமும் கட்டிப் போட்டுட்டா தொல்லை விட்டுதுல்லா?" என்று கேட்கத் தோன்றும்.

அதையும் சட்டம் தடுக்கிறது. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எப்போதும் கட்டி வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த ஓட்டமும் நடையும் கொடுக்காமல் விடுவது குற்றம்! ரொம்ப நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான். தொகை சின்னது, சொல்கிற நியாயம் பெரியது.

ஓட வேண்டிய ஜாதியைக் கட்டிப் போட்டால், அது குரைத்துத் தீர்க்கும், குழி தோண்டும், சங்கிலியைக் கடிக்கும். அவிழ்ந்த அன்றைக்குக் கண் மண் தெரியாமல் ஓடும்.

அவிழ்த்தாலும் ஆபத்து, கட்டினாலும் பாவம். நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முப்பது அடிக் கயிறு

சங்கிலிக்கும் சுதந்திரத்துக்கும் நடுவில் இருப்பது, ஒரு நீளக் கயிறு.

பத்து மீட்டர், அதாவது முப்பது அடிக்குக் கொஞ்சம் அதிகம். விரல் தடிமன் நைலான் கயிறு கடையில் கிடைக்கும். இதைக் கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடுகிற நாய் கயிற்றின் நுனிக்கு வந்து சுண்டி நின்றால், கழுத்தும் தொண்டையும் அடிபடும். நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடுகிற பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. நாய் இழுத்தால் கை அறுந்துவிடும்; ஆளும் குப்புற விழுவார். தரையில் இழுபட விட்டு, தேவைப்படும்போது செருப்புக் காலால் மிதித்துக்கொள்வது நல்லது. புதர் மண்டிய இடத்தில் கயிறு சிக்கும். ஆகவே வெட்டவெளியாகப் பார்த்துப் போக வேண்டும்.

இந்தக் கயிறு எத்தனை நாளைக்கு? மாதக் கணக்கில். சில நாய்களுக்கு ஆயுள் முழுவதும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கயிற்றின் பலன் இதுதான்: நாய் துரத்திப் பழகாது. துரத்தி ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழக்கம் இறுகும். ஜெயிக்க வாய்ப்பே கொடுக்காமல் வைத்தால், கூப்பிட்டால் வருகிற பழக்கம் வளர இடம் கிடைக்கும்.

ஒரு விசில், ஒரு துண்டு ஈரல்

நாயின் பெயரை வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் கூப்பிடுகிறோம். திட்டவும் அதே பெயர், கொஞ்சவும் அதே பெயர். நாய்க்கு அது பழகிப்போன சத்தம். அவசரத்துக்கு என்று தனியாக ஒரு சத்தம் வேண்டும். விசில் நல்லது. பயமோ கோபமோ விசிலில் தெரியாது.

முதலில் வீட்டில் தொடங்க வேண்டும். சோறு வைப்பதற்கு முன் மூன்று தடவை விசில். ஊதின உடனே சோறு. இரண்டு மூன்று வாரம் இப்படியே செய்தால், விசில் சத்தம் கேட்ட மாத்திரத்தில் நாய் பறந்து வரும்.

அடுத்து முற்றத்தில். பிறகு தெருவில், சங்கிலியோடு. பிறகு வயலில், நீளக் கயிற்றோடு. படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக. முற்றத்தில் பத்துக்குப் பத்து வராத நாயை வயலுக்குக் கொண்டு போவது வீண்.

கூலி நல்ல கூலியாக இருக்க வேண்டும். முயலை விட்டுவிட்டு வருகிற நாய்க்கு ஒரு பிஸ்கட் துண்டு கொடுத்தால் எப்படி? வேக வைத்த கோழி ஈரல், கறித் துண்டு இந்த மாதிரி, வேறு நேரத்தில் கிடைக்காத பண்டமாக இருக்க வேண்டும். உப்பும் காரமும் வேண்டாம்.

இன்னொரு தவறு எல்லோரும் செய்வது. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் நாயைக் கூப்பிடுவார்கள். "கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது" என்று நாய் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். ஆகவே பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை கூலி கொடுத்து, "போ" என்று மறுபடியும் விட்டுவிட வேண்டும்.

அந்த ஒரு நொடி

நாய் பாய்வதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் பாய்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

திறந்திருந்த வாய் மூடும். தலை நிமிரும். காது முன்னால் வரும். ஆடிக்கொண்டிருந்த வால் அப்படியே நிற்கும். சில நாய்கள் முன்னங்காலில் ஒன்றைத் தூக்கிக்கொள்ளும். உடம்பு கல் மாதிரி ஆகும்.

அந்த நொடிதான் கூப்பிட வேண்டிய நொடி. ஊது விசிலை! திரும்பினால் கொடு ஈரலை! திரும்பாவிட்டால் மிதி கயிற்றை!

இதற்கு எஜமானரின் கண் நாய் மீது இருக்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டே நாயோடு நடக்கிறவருக்கு அந்த நொடி கிடைக்காது.

அடிக்காதே!

துரத்திவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்து மணி திரும்பி வருகிறது. எஜமானருக்கு ஆத்திரம். கம்பால் ரெண்டு போடுகிறார்.

இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அரை மணிக்கு முன்னால் துரத்தியதற்காக அடி என்று நாய்க்குப் புரியாது. "திரும்பி வந்தால் அடி" என்றுதான் புரியும். அடுத்த தடவை பத்தடி தள்ளி நின்று பார்க்கும், கிட்டே வராது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் தட்டிக் கொடுத்துக் கட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டாவது!

கழுத்தில் மின்சார அதிர்ச்சி கொடுக்கிற பட்டையும் விற்கிறார்கள். வேண்டாம். அதிர்ச்சி அடித்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால், வலிக்குக் காரணம் குழந்தைதான் என்று நாய் முடிவு கட்டிவிடலாம்.

"காயடிச்சா சரியாயிடும்" என்பதும் பொய் நம்பிக்கை. பெட்டை தேடி அலைவது குறையலாம். முயலைத் துரத்துகிற குணம் அதனால் போகாது.

குணத்தை அழிக்க முடியாது. அதற்கு ஒரு வடிகால் கொடுக்கலாம். ஒரு மூங்கில் கம்பு, நுனியில் கயிறு, கயிற்றில் கந்தல் துணி. வீட்டு முற்றத்தில் கந்தலைத் தரையில் இழுத்து ஓட்டினால், நாய் முயலைத் துரத்துகிற மாதிரியே துரத்தும். "விடு" என்றதும் விட வேண்டும். விட்டால் மறுபடி ஆட்டம். தினமும் ஐந்து பத்து நிமிஷம் போதும். ஓடின ஆசை தீரும். சொல் கேட்கிற பழக்கமும் வரும். முழு வளர்ச்சி அடையாத குட்டியை அளவுக்கு மீறி ஓட விடக் கூடாது.

எப்போது? எங்கே?

விடிகாலையும் அந்தியும்தான் பலரும் நாயோடு நடக்கிற நேரம். முயல் மேய்கிற நேரமும் அதுவே! வெயில் ஏறுவதற்கு முன், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போனால் முயல் புதருக்குள் முடங்கியிருக்கும்.

அறுவடைக் காலம் இன்னொரு கண்டம். கார், பிசானம் இரண்டு பயிருக்கும் அறுப்பு முடிந்ததும் முயலுக்கு மறைவிடம் குறையும். ஆட்டுக் கிடையும் வாத்துக் கூட்டமும் வரும். அந்த வாரங்களில் கயிறு இல்லாமல் வயலில் இறங்கவே கூடாது. கிடை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது மரியாதை.

சுற்றுச் சுவரோ வேலியோ உள்ள தோப்பு கிடைத்தால், உடையவரிடம் அனுமதி கேட்டு அங்கே அவிழ்த்து விடலாம். அதுவே உத்தமம்.

இரண்டு நாய்களைச் சேர்த்து அவிழ்க்கக் கூடாது. தனியாகச் சொல் கேட்கிற நாயும் ஜோடி சேர்ந்தால் கேட்காது. ஒன்று விரட்ட, ஒன்று மடக்க என்று தொழிலைத் தொடங்கிவிடும்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை கவனம் அதிகம் வேண்டும். குட்டியில் காலைச் சுற்றி வந்த நாய், அந்த வயதில்தான் திடீரென்று தூரத்தைப் பார்க்கத் தொடங்கும்.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஜாதியில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். காது கேளாத நாயைக் கயிறில்லாமல் விடவே கூடாது.

கிணறு, கம்பி, வெடி

முயலும் ஆடும் மட்டும் அல்ல, துரத்துகிற நாயின் உயிருக்கும் வயல்காட்டில் உத்தரவாதம் இல்லை.

தரை மட்டத்தில் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கிற கிணறுகள் ஒரு பக்கம். காட்டுப் பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலி ஒரு பக்கம். பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடி ஒரு பக்கம். தீனி என்று கவ்வினால் வாய் சிதறும். எலிக்கு வைத்த விஷம், வரப்பு வளையில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன். ரோட்டில் லாரி.

மலை அடிவாரத்தை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தை பயமும் உண்டு. நாய் முயலைத் தேடிப் போகும். சிறுத்தை நாயைத் தேடி வரும்.

பயம் பிடித்து ஓடினாலும் முடிவு ஒன்றுதான். "பரியேறும் பெருமாள்" படத்தில் நடித்த அந்த நாய், 2024 தீபாவளி சமயம் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வாகனத்தில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது. படத்தில் கருப்பிக்காக அழுதவர்கள் மறுபடியும் அழுதார்கள்.

காட்டுப் பிராணியோடு கட்டிப் புரளும் நாய்க்கு வெறிநோய் ஆபத்தும் உண்டு. நரியோ கீரியோ கடித்திருந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். தவணை தவறாமல் தடுப்பூசி போடாத நாயை வெளியில் விடுவதே தப்பு. அந்த நாய் மனிதரைக் கடித்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கைமீறிப் போனால்

எல்லாம் செய்தும் நாய் ஓடிவிட்டது. என்ன செய்வது?

பின்னால் ஓடாதீர்கள். நீங்களும் வேட்டைக்கு வருவதாக நாய் நினைக்கும். ஓடத் தொடங்கிய இடத்திலேயே நின்று விசில் ஊதுங்கள். பெரும்பாலும் நாய் விட்ட இடத்துக்கே திரும்பி வரும். போயே ஆக வேண்டும் என்றால், உடுத்திய துண்டை அங்கே போட்டுவிட்டுப் போங்கள். எஜமானர் வாசனை கிடந்தால் நாய் அங்கேயே படுத்துக் காத்திருக்கும். கழுத்துப் பட்டையில் டெலிபோன் நம்பர் எழுதி வைப்பது எல்லா நாளும் உதவும்.

ஆட்டுக்குச் சேதம் வந்திருந்தால் நழுவாதீர்கள். கிடைக்காரர் முன்னால் போய் நின்று, "என் நாய்தான், நான்தான் பொறுப்பு" என்று சொல்லுங்கள். காயம்பட்ட ஆட்டை உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். செத்த ஆட்டுக்கு விலை பேசிக் கொடுங்கள். பேரம் வேண்டாம். ஆடு போனாலும் பேச்சு வார்த்தை போகாமல் இருக்க அதுதான் வழி.

சில நாய்களுக்கு எத்தனை பழக்கினாலும் வெட்டவெளியில் நம்பி அவிழ்க்க முடியாது. அது நாயின் குற்றமும் அல்ல, எஜமானரின் தோல்வியும் அல்ல. முயலுக்காகவே உருவாக்கின பிராணி அது. முப்பது அடிக் கயிற்றில் தினமும் ஒரு மணி நேரம் சந்தோஷமாக நடக்கிற நாய், ஒரே ஒரு நாள் சுதந்திரமாக ஓடிக் கிணற்றில் விழுந்த நாயைவிடக் கொடுத்து வைத்தது.

மறுபடியும் அதே வரப்பு. மேற்கே அதே மலை. இந்தத் தடவை வெயில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மணியின் நெஞ்சுப் பட்டையில் இருந்து நீளக் கயிறு புல்லில் இழுபட்டு வருகிறது. எஜமானர் சட்டைப் பையில் ஈரல் துண்டு, வாயில் விசில்.

புல் அசைகிறது. மணி நிற்கிறது. காது விறைக்கிறது.

விசில்!

மணி முயலைப் பார்க்கிறது. எஜமானரைப் பார்க்கிறது. ஒரு நொடி யோசிக்கிறது.

எஜமானரின் கால், கயிற்றின் மேல் தயாராக இருக்கிறது.